உயிரோடிருந்தவருக்கு ஒரு நிமிட மௌனம்

1

இந்தக் கதை ஓர் இரங்கல் குறிப்பாகத்தான் தொடங்கியது. அதன் முதல் வடிவம் இன்னும் என் கணினியில் இருக்கிறது:

“நாடாளுமன்ற முன்னாள் உறுப்பினரும், லிபோவெட்ஸ் நகர மருத்துவமனைக்காகக் குரல் கொடுத்தவருமான வெலிச்கோ திராந்தரோவ் (71) காலமானார். அன்னாருக்கு”

அன்னாருக்கு என்ற சொல்லோடு நின்றுவிட்டது. அடுத்து மனைவி மக்கள் விவரம் வரவேண்டும். அது என் கையில் இல்லை. வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று லிபோவெட்ஸுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் திராந்தரோவ்.

ஆகவே, இது யாரும் சாகாத கதை. இதைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்தால் கதை விறுவிறுப்பாக இருக்கும் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டு நான் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். என்னைவிட மோசமாக இன்னொருவர் இருந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தை உங்கள் தலையிலும் கட்ட எனக்கு மனமில்லை.

(நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் அவைக்குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. பெயரைச் சொன்னால் யாராவது தேடிப்பார்த்து, “இதெல்லாம் அப்படி நடக்கவில்லை” என்று கடிதம் எழுதுவார்கள். ஊர்ப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். குடைமிளகாயை மட்டும் மாற்றவில்லை. அது பின்னால் வரும்.)

2

இரங்கல் குறிப்பு கைவிட்டுப்போன பிறகு, கதையாகத் தொடங்கியபோது முதல் வாக்கியம் இப்படி வந்தது: “வெண்பளிங்குத் தூண்களுக்கு நடுவே, ஒரு தேசத்தின் மனசாட்சி”

அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்தவன் நான். அங்கே மனசாட்சியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். தூண்களைத்தான் பார்த்ததில்லை. அவை மாடத்துக்கு நேர் கீழே இருக்கின்றன.

மாடத்திலிருந்து நன்றாகத் தெரிவது சுருக்கெழுத்தாளர் மேசை. பேச்சு மேடைக்குக் கீழே, உறுப்பினர்களைப் பார்த்தபடி போட்டிருக்கும் சின்ன மேசை. இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் மேடையில் பேசுவதை எழுதுவார். மற்றவர் கூடத்திலிருந்து வரும் கூச்சல், கிண்டல், குறுக்குக் கேள்வி எல்லாவற்றையும் பிடிப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கக் கதவு திறக்கும்; அடுத்த ஜோடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலை ஓட்டத் தொடங்கியதும் முதல் ஜோடி எழுந்து போய்விடும். பேசுபவர் மூச்சு விடுவதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார்கள். பல வாக்கியங்கள் ஒருவர் நோட்டில் தொடங்கி இன்னொருவர் நோட்டில்தான் முடிகின்றன.

இதில் முக்கியமானது ஒன்று: மேடையில் பேசுபவரின் முகம் சுருக்கெழுத்தாளருக்குத் தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பேசுகிறார். குரல் மட்டும்தான்.

தெமெனுகா சவோவா முப்பத்தொரு வருடமாக அந்த மேசையில் உட்காருகிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருமுறை கேட்டேன், இருநூற்று நாற்பது பேரை எப்படிக் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறீர்கள் என்று.

“வாயத் திறக்கவே வேண்டாம். மேடையேறி மூச்சு இழுப்பாங்கல்ல, அதுலயே தெரிஞ்சிரும். சில பேரு மூச்சு இழுக்கறப்பவே பொய் சொல்லுவாங்க” என்றார்.

அவைக்குறிப்பில் பேச்செல்லாம் பேசியவர்களுடையது. சுருக்கெழுத்தாளருக்குச் சொந்தமானது அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும்: (கைதட்டல்), (சிரிப்பு), (கூச்சல்), (சபாநாயகர் மணியடிக்கிறார்), (மௌனம்). எங்கள் நாடாளுமன்றக் கையேடு இந்த ஐந்தைத்தான் அனுமதிக்கிறது. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தக் கட்டுப்பாட்டின் மேல் பொறாமையே உண்டு. ஐந்தே ஐந்து வர்ணனைகள்! அவற்றை வைத்து ஒரு குடியரசை நடத்திவிடுகிறார்கள்.

3

செப்டம்பர் மாதப் புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அவை கூடியது. நிகழ்ச்சி நிரலில் முதல் பொருள் நீர்ப்பாசனச் சட்டத்திருத்தம். அதற்கு முன்பே பிரோன்கோவ் கையைத் தூக்கினார்.

பிரோன்கோவ் லிபோவெட்ஸ் தொகுதியின் இப்போதைய உறுப்பினர். பதினோரு வருடத்துக்கு முன் திராந்தரோவைத் தோற்கடித்தவர் அவர்தான். எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மதிப்புக்குரிய சபாநாயகர் அம்மா, துக்கமான சேதி. எங்க ஊர்க்காரர், இந்த அவையோட முன்னாள் உறுப்பினர், வெலிச்கோ ஸ்தொய்லோவ் திராந்தரோவ் காலமாயிட்டாரு. இன்னைக்குக் காலைல கிளம்பி வரும்போது அவர் வீட்டு வாசல் கதவுலயே அஞ்சலிச் சுவரொட்டியப் பார்த்தேன். கறுப்பு ரிப்பன் கட்டியிருக்கு. அவருக்கு நாம எழுந்து மரியாதை செய்யணும்னு கேட்டுக்கறேன்.”

என்றைக்கு இறந்தார், என்ன நோய், அடக்கம் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. சாவைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்பது எங்கள் ஊரில் அநாகரிகம். அந்த அவை ஒரு பாலத்தின் நீளத்தைப் பற்றி நான்கு மாதம் சண்டை போட்டிருக்கிறது. ஒரு மனிதர் இறந்ததை நான்கு விநாடியில் ஏற்றுக்கொண்டது.

மூன்று பேர் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். மூவருமே எதிரணி. “கொள்கையால் வேறுபட்டோம், ஆனால்” என்று மூன்று பேரும் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். சுருக்கெழுத்தாளர்கள் அவையில் எழுந்து நிற்பது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். அது தெமெனுகாவின் முறை. மேடைப் பென்சில் அவர் கையில் இருந்தது. பக்கத்தில் ஸ்லாவேயா, அவருடைய பதினைந்து வருட ஜோடி.

(எங்கள் சபாநாயகரின் ஒரு நிமிடம் வழக்கமாக நாற்பது விநாடி. அன்று நாற்பத்திரண்டு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தொழில் புத்தி.)

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிச் சத்தம் ஓய்ந்தது. தெமெனுகா உட்காரவில்லை.

அடுத்து நடந்ததை நான் எழுதுவதைவிட அவைக்குறிப்பே நன்றாகச் சொல்கிறது. இதை எழுதியது தெமெனுகாவின் கைதான்:

*(அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கின்றனர்.)*

*சபாநாயகர்: நன்றி. முதல் பொருள்… திருமதி சவோவா, உட்காரலாம். திருமதி சவோவா.*

*சபாநாயகர்: முதல் பொருள், நீர்ப்பாசனச் சட்டத்திருத்தம்.*

ஒலிவாங்கியில் சொன்னது எல்லாம் குறிப்பில் ஏறவேண்டும். அதனால் தன்னை உட்காரச் சொன்னதை அவரே உட்கார்ந்து எழுதினார்.

4

அவர் ஏன் உட்காரவில்லை என்று சொல்ல, பதினோரு வருடம் பின்னால் போகவேண்டும். இந்த இடத்தில் கதையின் வேகம் குறையும் என்று தெரியும். தெரிந்தே செய்கிறேன்.

அந்த வருடம் ஒரு மசோதா வந்தது. வருடத்துக்கு முந்நூறு பிரசவத்துக்குக் குறைவாக நடக்கும் மருத்துவமனைகளில் பிரசவப் பிரிவை மூடிவிடுவது. லிபோவெட்ஸில் முந்தைய வருடம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. திராந்தரோவ் மேடையேறினார். சாதாரணமாகப் புள்ளிவிவரமாகப் பேசுகிறவர். அன்றும் அப்படித்தான் தொடங்கினார். மலைப்பாதையில் பனிக்காலத்தில் அடுத்த மருத்துவமனைக்கு இரண்டரை மணி நேரம் என்றார். போன ஜனவரியில் ஒரு பெண் என்றார். அந்த வாக்கியம் முடியவில்லை. நீண்ட இடைவெளி. பிறகு வேறொரு வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்த இடைவெளியில் தெமெனுகா எழுதினார்: (பேச்சாளர் அழுகிறார்.)

கையேட்டில் இல்லாத ஆறாவது வர்ணனை. முகத்தைப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலை வைத்து எழுதியது.

பேச்சு நடந்த நாளையும் சேர்த்து மூன்று வேலைநாளுக்குள் உறுப்பினர்கள் திருத்தம் கேட்கலாம். சொற்பிழை, பெயர்ப்பிழை மட்டும். திராந்தரோவ் மறுநாளே மூன்றாம் மாடியில் உள்ள சுருக்கெழுத்தாளர் அறைக்கு வந்தார். ஸ்லாவேயா அப்போது அங்கே இருந்தார். அவர் சொல்லக் கேட்டது இது.

“அம்மா, இதை எடுத்துருங்க.”

“ஏன் ஐயா?”

“நான் அழல. எனக்குச் சளி.”

“எனக்குக் கேட்டுச்சு ஐயா.”

“என்ன கேட்டுச்சு? நீங்க என் முகத்தைப் பார்த்தீங்களா?”

“பார்க்கல.”

“அப்புறம்?”

“கேட்டுச்சு.”

“என் ஊர்ல ஆம்பளைங்க இதுக்கு ஓட்டுப் போட மாட்டாங்கம்மா” என்றார் திராந்தரோவ். அடைப்புக்குறி அப்படியே இருந்தது. பிரசவப் பிரிவு மூடப்பட்டது. அடுத்த தேர்தலில் பிரோன்கோவ் ஜெயித்தார்.

முன்னாள் உறுப்பினர்களுக்கு வருடம் ஒருமுறை விருந்து உண்டு. பதினோரு விருந்துக்கும் திராந்தரோவ் வந்தார். படிக்கட்டில் பதினோரு முறையும் தெமெனுகாவைக் கடந்து போனார். தலையைத் திருப்பவில்லை.

தெமெனுகா அக்காவுக்கு இந்தக் கதையில் வேண்டியது என்ன? இந்தக் கேள்வியை அவரிடமே கேட்டேன். யோசித்துச் சொன்னார்:

“நான் எழுதினது தப்புன்னு இன்னைக்கும் தோணல. ஆனா அதுக்கப்புறம் அந்த மனுசன்கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசாம இருந்தேன் பாருங்க, அது தப்பு. வருசா வருசம் அடுத்த விருந்துல பேசிக்கலாம்னு விட்டேன். அன்னைக்கு நின்னப்பதான் இனிமே அடுத்த விருந்து கிடையாதுன்னு உறைச்சுது. கால் மடங்கல.”

5

இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். முந்தைய வடிவங்களில் இது இல்லவே இல்லை.

அடைப்புக்குறியை மட்டும் வைத்து ஒருவர் தேர்தலில் தோற்க முடியாது. அவைக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? அன்று மாடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு செய்தியாளர் படித்தார். அவருக்கும் திராந்தரோவின் முகம் தெரியவில்லை. மாடத்திலிருந்து மேடை வெகு தூரம். ஆனாலும் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறதே என்று அந்த இரண்டு சொற்களில் ஒன்றைத் தலைப்பில் போட்டார். பரிவோடுதான் போட்டார். “மேடையில் அழுத மனிதர்.” எதிர்க்கட்சிக்காரர்கள் பரிவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். அழுமூஞ்சி வெலிச்கோ என்று சுவரெல்லாம் எழுதினார்கள்.

அந்தச் செய்தியாளர் நான்.

(வாசகருக்கு: கதைசொல்லி மேல் இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். வரட்டும். முதல் பகுதியில் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் நான்காம் பகுதி வரை வந்திருக்க மாட்டீர்கள்.)

6

இப்போது ஃபோனுக்கு வரலாம். மணி பத்தே முக்கால்.

“அலோ.”

“வணக்கம், திராந்தரோவ் ஐயா வீடுங்களா?”

“ஆமா.”

“தலைநகர்லேருந்து பேசறேன், பத்திரிகையிலேருந்து. உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறேன்.”

“எந்தத் துக்கத்துல?”

“ஐயா காலமானது…”

“எந்த ஐயா?”

“வெலிச்கோ ஐயா.”

பின்னால் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது.

“அவர் போயி ஐம்பது வருசம் ஆச்சே தம்பி. உங்க பத்திரிகைக்கு இப்பதான் சேதி வந்துச்சா?”

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் ஒருமுறை சுவரொட்டி ஒட்டிவிட்டு விட்டுவிட மாட்டோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு, பத்தாண்டு என்று ஒட்டிக்கொண்டே இருப்போம். வாசல் கதவில், பேருந்து நிறுத்தத்தில், மரத்தில். திராந்தரோவ் தன் தாத்தாவின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஒட்டியிருந்தார். தாத்தா பெயர் வெலிச்கோ, அவர் அப்பா ஸ்தொய்ல்; ஸ்தொய்லோவ் என்றால் ஸ்தொய்லின் மகன். மகனுக்குத் தன் அப்பா பெயரை வைத்தார். மகன் தன் மகனுக்குத் தன் அப்பா பெயரை வைத்தார். ஆக, தாத்தாவும் பேரனும் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் மூன்றிலும் ஒன்று. புருவமும் ஒன்று. கொட்டை எழுத்தில் பெயர், கறுப்பு வெள்ளைப் படம். “ஐம்பது ஆண்டுகள்” என்பதும் “அன்புப் பேரன்” என்பதும் அடியில் பொடி எழுத்தில். பிரோன்கோவின் கார் மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது.

“அப்ப எனக்காகச் சபையில எழுந்து நின்னாங்களா?” என்று கேட்டார் திராந்தரோவ்.

“நின்னாங்க ஐயா.”

“எல்லாருமா?”

“எல்லாரும்.”

“எதிரணிக்காரனுங்க?”

“அவங்கதான் முதல்ல எழுந்தாங்க.”

“அடப்பாவிங்களா! நான் அங்க இருந்த எட்டு வருசத்துல எனக்காக ஒருத்தன் பெஞ்சு விட்டு அசைஞ்சதில்ல.” சிரித்தார். பிறகு, “தம்பி பேரு என்ன?” என்றார்.

சொன்னேன்.

பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஓ. தலைப்புக்காரரா.”

“ஆமாங்க ஐயா.”

“நிசமாவே நான் போறப்ப நீங்களே எழுதுங்க, நல்லா எழுதுவீங்க. தலைப்ப மட்டும் வேற யாராவது வைக்கட்டும்.” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “வைக்கிறேன், குடைமிளகாய் அடுப்புல கருகுது” என்று வைத்துவிட்டார்.

7

யாரிடம் முதலில் சொல்வது? முறைப்படி சபாநாயகர் அலுவலகத்தில். இந்தக் கதையின் இரண்டாம் வடிவத்தில் நான் அங்கேதான் போகிறேன், பொறுப்பான குடிமகனாக. உண்மையில் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். அந்த வாரம் லிஃப்ட் வேலை செய்யவில்லை.

தெமெனுகா காலைப் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஸ்லாவேயா ஜன்னல் அருகே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அவர் சாகல.”

“எவரு?”

“திராந்தரோவ்.”

“யார் சொன்னா?”

“அவரேதான்.”

“அவரேன்னா?”

“ஃபோன்ல. குடைமிளகாய் சுட்டுக்கிட்டு இருக்காரு.”

தெமெனுகா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

“எத்தனை கிலோவாம்?” என்றார்.

ஸ்லாவேயாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. காபி சட்டையில் கொட்டிவிட்டது. பிறகு தெமெனுகாவும் சிரித்தார், நானும். மூன்று நடுத்தர வயது மனிதர்கள் ஓர் அரசாங்க அறையில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

“சரி, அந்தப் பக்கத்தைக் கிழிச்சிரலாம்ல?” என்றார் ஸ்லாவேயா, துடைத்துக்கொண்டே.

“எதுக்கு? எழுந்து நின்னாங்கல்ல?”

“ஆள்தான் சாகலையே.”

“ஆள் சாகல. ஆனா நின்னது நின்னதுதானே. இருக்கட்டும்.”

“உன்னை உட்காரச் சொன்னதும் இருக்கட்டுமா?”

தெமெனுகா கொஞ்சம் தயங்கினார். “அதுவும்தான்” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு சபாநாயகர் திருத்தத்தை அறிவித்தார். பிரோன்கோவ் பீட்ரூட் நிறத்தில் எழுந்தார்.

“அதே பேரு! அதே புருவம்! நான் கார்ல போய்க்கிட்டு இருந்தேன், என்ன பண்றது?”

“வண்டிய நிறுத்திப் படிச்சிருக்கலாம்ல!” என்றது இடப்பக்கம்.

“மசோதாவையே படிக்காம ஓட்டுப் போடறவரு. சுவரொட்டியப் படிப்பாராக்கும்!” என்றது, ஆச்சரியம், அவர் சொந்தக் கட்சி வரிசை.

“என் இரங்கலை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார் பிரோன்கோவ்.

“பாராட்டை விட்டு வைங்க, அது அவருக்கு வேணும்!” என்றது ஒரு குரல்.

*(சிரிப்பு. அனைவரும் எழுந்து கைதட்டுகின்றனர்.)*

இருபத்திரண்டு வருடத்தில் அந்த அவை ஒரே மனதாக மகிழ்ந்ததை நான் பார்த்தது அன்றுதான். யாரும் எதையும் ஜெயிக்கவில்லை. ஒருவர் உயிரோடு இருந்தார், அவ்வளவே. அவர் தங்களுக்கு வேண்டாதவர் என்பதுகூட யாருக்கும் நினைவில்லை.

8

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். அந்த வடிவத்தைத் தெமெனுகா அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் பென்சிலோடு படித்தார், பழக்கதோஷம்.

“நான் பென்சில் கடிக்க மாட்டேன்.”

“ஒரு அழகுக்குப் போட்டேன் அக்கா.”

“எடுங்க. அரசாங்கப் பென்சில், வாயில வைக்க முடியாது. இங்க பாருங்க, ‘அவர் கண்கள் கலங்கின’. பார்த்தீங்களா?”

“இல்ல. மாடத்துலேருந்து…”

“அப்ப அடிச்சிருங்க. இந்த மாதிரி ஒருதடவ எழுதி நான் பட்டது போதும்.”

அடித்துவிட்டேன். நீங்கள் படித்ததில் அது இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. அவரை நான் மிக நேர்மையானவராகக் காட்டிவிட்டேனோ? நேர்மையான பாத்திரங்கள் காகிதத்தில் சீக்கிரம் விறைத்துப்போகும். எனவே கேட்டேன்: “அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அவர் அழுதாருன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?”



“அன்னைக்கு நிச்சயமா தெரியும். அடுத்த வருசம் முக்கால்வாசி. இப்பக் கேட்டா…” பென்சிலைக் கீழே வைத்தார். “சளியாக்கூட இருந்திருக்கலாம். ஜனவரி பத்திப் பேசினாரு. ஆனா பேசினது மார்ச்சுல. மார்ச்சுல எல்லாருக்கும்தான் சளி.”

9

முடிவுகள்.

அ) ஸ்லாவேயா பரிந்துரைத்தது. திராந்தரோவ் மிளகாய்த் தொக்கு பாட்டிலோடு மூன்றாம் மாடி ஏறி வருகிறார். பாட்டிலை மேசையில் வைக்கிறார். “அம்மா, நீங்க கேட்டது சரிதான்.” எல்லோரும் ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிபோவெட்ஸ்காரர்களை எனக்குத் தெரியும். தொக்கு தருவார்கள். “நீங்க கேட்டது சரிதான்” என்று தர மாட்டார்கள்.

ஆ) என் நண்பர், விறுவிறுப்பு கேட்டவர், சொன்னது. திராந்தரோவ் வந்து மௌன அஞ்சலியைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்கிறார். தெமெனுகா இரண்டாம் முறையும் மறுக்கிறார். அவர் இரண்டாம் முறையும் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார். கச்சிதமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மேலும், ஒருவர் உயிர் பிழைத்து வந்ததே

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

இ) யாரும் வரவில்லை. அடுத்த விருந்து வரும். படிக்கட்டு இருக்கும். பதினொன்று பன்னிரண்டாகும். பெரும்பாலான வாழ்க்கைகள் இப்படித்தான் போகின்றன. புதன்கிழமை மாலை, நாங்கள் மூவரும் எதிர்பார்த்தது இதைத்தான்.

10

நடந்தது இது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

புதன்கிழமைக் குறிப்பு வியாழன் காலை இணையத்தில் ஏறியது. வெள்ளிக்கிழமை, திருத்தம் கேட்கக் கடைசி நாள், பதினொரு மணிக்கு நான் ஓர் அமைச்சர் சொன்ன எண்ணைச் சரிபார்க்க மூன்றாம் மாடிக்குப் போயிருந்தேன். கதவில் தட்டும் சத்தம். ஸ்லாவேயா திறந்தார்.

திராந்தரோவ். சாம்பல் நிறக் கோட்டு. மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கையில் தொக்கு இல்லை. நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

“உள்ள வாங்க ஐயா, உட்காருங்க” என்றார் ஸ்லாவேயா.

“இருக்கட்டும்மா.”

தெமெனுகா எழுந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், கதவருகே இவர். நடுவில் நான், அமைச்சரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.

“திருத்தம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லைங்க ஐயா” என்றார் தெமெனுகா. குரல் கொஞ்சம் அதிகாரமாக வந்துவிட்டது. அவருக்கே அது தெரிந்தது. “பேசினவங்கதான் கேட்கலாம். நீங்க அன்னைக்குப் பேசல.”

“செத்துப்போயிட்டேன், எப்படிப் பேசறது?”

ஸ்லாவேயா மூக்கால் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“திருத்தம் ஒண்ணும் வேண்டாம்” என்றார் திராந்தரோவ். தாளைப் பிரித்தார். அச்செடுத்த அவைக்குறிப்பு. “என் மருமக எடுத்துக் குடுத்தா. என்னைப் பத்தி அந்த மூணு பேரு பேசினதையெல்லாம் படிச்சேன். நல்லாத்தான் பொய் சொல்லியிருக்கானுங்க. அதுக்காக நான் வரல.”

விரலால் ஓரிடத்தைக் காட்டினார். நான் நின்ற இடத்திலிருந்து படிக்க முடிந்தது. பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார்.

“பிரோன்கோவ் உட்கார்ந்துட்டான். என் கட்சிக்காரங்க உட்கார்ந்துட்டாங்க. சபாநாயகர் ரெண்டு தடவ பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கு.” மூச்சு வாங்கினார். “அம்மா, நீங்க மட்டும் ஏன் உட்காரல?”

அந்த நேரத்தில் ஸ்லாவேயா என் சட்டைக் கையைப் பிடித்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது, பிடி இரும்பு. “உங்க எண்ணு அடுத்த ரூம்ல இருக்கு” என்று என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார்.

அடுத்த அறையில் எந்த எண்ணும் இல்லை. நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் நின்றோம். நான் காதைக் கதவருகே கொண்டுபோனபோது ஸ்லாவேயா என் தோளில் ஓர் அடி வைத்தார். “பதினோரு வருசத்துக்கு முன்னாடி எழுதினது போதும் உங்களுக்கு” என்றார். நியாயம்தான்.

அன்று மதியம் தெமெனுகா அக்காவிடம் கேட்டேன், என்ன சொன்னீர்கள் என்று. “அது அவை நேரத்துல நடக்கல” என்றார். இன்றுவரை அதுதான் பதில். முகத்தில் என்ன இருந்தது என்று எழுத ஆசைதான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார், நான் பார்க்கவில்லை.

உள்ளே என்ன பேசப்பட்டது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்திருந்தால் தலைப்பு வைத்திருப்பேன்.

ஆகவே தெமெனுகா அக்காவின் பதிலை நீங்கள்தான் எழுதவேண்டும். மன்னிப்பு என்ற சொல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். “நீங்க அழுதீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க” என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கவும் கூடும், அவரை எனக்குத் தெரியும். கையேட்டின் விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தாது. அழகாக எழுதவேண்டும் என்றும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். திராந்தரோவுக்கு எழுபத்தொரு வயது, மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார், இன்னும் கதவருகே நின்றுகொண்டிருக்கிறார்.